சிறு பட்டணங்களும் ஸ்தல சுயாட்சியும்

தேச விவகாரங்களில் நம்மவர்களுக்குள்ள உற்சாகம் தெருச் சாக்கடை விஷயத்தில் இருப்பதில்லை. டில்லியில் நேற்று மந்திரிகள் பேசியதெல்லாம் நமது சிறு பட்டணங்களின் காபி ஹோட்டல்களில் காலை ஏழு மணிக்குள் அலசி முடிந்துவிடுகிறது. அந்த ஹோட்டலின் பின்புறத்திலுள்ள மலக்குழி கடைசியாக எப்போது காலி செய்யப்பட்டது, அதிலிருந்து எடுத்தது எங்கே கொண்டுபோய்க் கொட்டப்பட்டது என்று கேட்டால் முதலாளி உட்பட ஒருவரும் பதில் சொல்லார்.

சுயராஜ்யத்துக்காகப் போராடிய தலைவர்கள் இவ்வேலையை இழிவாக எண்ணியவர்களல்லர். ஸ்ரீ ராஜகோபாலாச்சாரியார் 1917-ல் சேலம் நகரசபைத் தலைவரானார். ஜவஹர்லால் நேரு 1923-ல் அலகாபாத்திலும், வல்லபபாய் படேல் 1924-ல் ஆமதாபாத்திலும் அப்பதவியை ஏற்றனர். பிற்காலத்தில் ஒரு பெரிய தேசத்தின் கணக்கைப் பார்த்தவர்கள் முதலில் குழாய்க்கும் விளக்குக்கும் குப்பை வண்டிக்கும் கணக்குப் பார்த்தார்கள். இன்றைய ஊழியர்களிலோ பலர் நகரசபையைச் சட்டசபைக்கு ஏறும் படியாக மாத்திரமே கருதுகிறார்கள்.

2011 ஜனக்கணக்குப்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு 48 பேர் பட்டணவாசிகள். இவர்களெல்லாம் சென்னையிலும் கோயமுத்தூரிலும் மதுரையிலும் நெருங்கி வாழ்வதாக நினைப்பது பிழை. 2022 பிப்ரவரியில் தேர்தல் நடந்தபோது மாநகராட்சிகள் 21, நகராட்சிகள் 138, பேரூராட்சிகளோ 490. ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை தேர்தல் நடத்த வேண்டுமென்று 1993-ல் அமலுக்கு வந்த அரசியல் சட்டத் திருத்தம் விதித்திருந்தும், 2016 அக்டோபரில் சபைகளின் ஆயுள் முடிந்த பிறகு ஐந்து வருஷத்துக்கு மேல் இவற்றில் ஒரு பிரதிநிதிகூட இல்லை; தனி அதிகாரிகளே காரியங்களை நடத்தினார்கள். சட்டசபை இவ்வாறு ஐந்து வருஷம் பூட்டிக் கிடந்திருந்தால் நாடு என்ன பாடுபட்டிருக்கும்! நகரசபைகள் பூட்டிக் கிடந்ததை நாம் சகித்துக் கொண்டோம்.

விஷயத்துக்கு வருவோம். பாதாளச் சாக்கடை போடுவதற்குப் பெருந்தொகை வேண்டும். அது சரியாக ஓடுவதற்கு ஏராளமாகத் தண்ணீரும் வேண்டும். சிறு பட்டணங்கள் பலவற்றுக்கு இரண்டும் எட்டாதவை. ஆகவே வீட்டுக்கு வீடு மலக்குழிதான். ஒழுங்காகக் கட்டிய தொட்டியில் கசடு அடியில் தங்கும். மேலே நிற்கும் நீர் மாத்திரம் வெளியேறும். இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை கசடை எடுத்துவிட வேண்டும். எடுக்காவிட்டால் தொட்டி நிரம்பிக் கசடும் நீரோடு சேர்ந்து தெருச் சாக்கடைக்குப் போகிறது. சாக்கடை ஏரிக்குப் போகிறது. ஏரியோரத்துக் கிணற்றிலிருந்து அது மறுபடியும் நம் வீட்டுக்கே வருகிறது. பத்து வருஷமாகத் தொந்தரவு கொடுக்காத தொட்டி நல்ல தொட்டி என்று நம்மவர்கள் பெருமை கொள்வதுண்டு. பெரும்பாலும் அதற்கு அடித்தளமே இராது. உள்ளே விழுவதெல்லாம் பூமிக்குள் இறங்கிக் கொண்டிருக்கும்.

லாரிக்காரரை மட்டும் குறை கூறிப் பயனில்லை. அவருக்குக் கூலி வீட்டு வாசலிலேயே கிடைத்துவிடுகிறது. சுத்திகரிப்பு நிலையம் பதினைந்து மைலுக்கு அப்பால் இருந்தால், அங்கே போவதால் அவருக்கு மிஞ்சுவது டீசல் செலவு ஒன்றுதான். ஆகவே இரவில் வாய்க்கால் ஓரத்தில் வால்வைத் திறந்துவிடுகிறார். தமிழ்நாட்டு சர்க்கார் 2014-லேயே இதற்கு நெறிமுறைகள் வகுத்தனர். கூலி கொடுக்கும் முறை மாறாதவரையில் காகிதத்திலுள்ள விதி இரவு பன்னிரண்டு மணிக்கு வாய்க்கால் கரையில் காவல் நிற்குமா?

லாரியின் குழாய் எட்டாத சந்துகளில் நடப்பது இதைவிடக் கொடியது. மலக்குழியில் பாதுகாப்பின்றி மனிதரை இறக்குவது 2013 வருஷத்துச் சட்டப்படி குற்றம். இவ்வாறு இறந்தவர்களின் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் கொடுக்க வேண்டுமென்று 2014-ல் உத்தரவிட்ட சுப்ரீம் கோர்ட்டு, 2023-ல் அத்தொகையை 30 லட்சமாக உயர்த்தியது. முதல் உத்தரவுக்கு ஒன்பது வருஷங்களுக்குப் பின்னும் கோர்ட்டு இவ்விஷயத்தை எடுத்துக்கொள்ள நேர்ந்ததே நமக்கு வெட்கக்கேடு. இறங்குகிறவர் எந்த ஜாதியைச் சேர்ந்தவர் என்று நேயர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை.

மகாராஷ்டிரத்தில் சாத்தாரா ஜில்லாவில், கிருஷ்ணா நதிக்கரையில், 'வாய்' என்றொரு பழைய பட்டணம் இருக்கிறது. கோயில்களுக்கும் படித்துறைகளுக்கும் பெயர் பெற்ற அவ்வூரின் ஜனத்தொகை அரை லட்சத்துக்கும் குறைவு. 2018-ல் அதன் நகரசபை ஒரு காரியம் செய்தது. தொட்டி நிரம்பி வழிந்த பிறகு வீட்டுக்காரர் லாரியைக் கூப்பிடும் வழக்கத்தை விட்டு, எல்லா வீடுகளுக்கும் மூன்று வருஷத்துக்கு ஒருமுறை முறைவைத்து லாரியே வரும்படி ஏற்பாடு செய்தது. லாரி வரும் நாளில் வீட்டுக்காரர் பணம் கொடுப்பதில்லை. அதற்கென்று ஒரு சுகாதார வரி வருஷந்தோறும் வசூலாகிறது. செய்த வேலைக்கு ஏற்றபடி ஒப்பந்தக்காரருக்கு நகரசபை பணம் கொடுக்கிறது. நாசிக் ஜில்லாவிலுள்ள சின்னரும் இம்முறையைக் கைக்கொண்டது. வாய்ப் பட்டணத்துக்குச் சுத்திகரிப்பு நிலையம் கட்ட வெளியுதவி கிடைத்தது மெய்யே. ஆனால் முறைவைத்து லாரி அனுப்பும் புத்திக்கு வெளியுதவி தேவையில்லை.

நிலையம் என்றதும் பெரிய இயந்திரங்களை எண்ணிப் பயப்பட வேண்டாம். பெங்களூருக்கு அருகே, திப்பு சுல்தான் பிறந்த தேவனஹள்ளியில் 2015-ல் ஒன்று அமைத்தார்கள். கசடை வெயிலில் உலர்த்தும் பாத்திகள், நீரை வடிக்கும் செடிகள் நட்ட ஜல்லிப் படுகை ஆகியவையே அதில் முக்கியமானவை. உலர்ந்த கசடைக் காய்கறிக் குப்பையோடு சேர்த்து மக்கவைத்து எருவாக்கினார்கள். குவியலில் உண்டாகும் சூடு நோய்க் கிருமிகளைக் கொன்றுவிடும்.

இத்தகைய நிலையத்துக்கு இடம் பார்க்கும்போது ஊரார் எதிர்ப்பது வழக்கம். அந்த எதிர்ப்பை அறியாமை என்று ஒதுக்க நாம் உடன்படோம். குப்பைமேடானாலும் கசட்டு நிலையமானாலும் ஏழைகளின் குடியிருப்புக்குப் பக்கத்திலேயே அதற்கு இடம் அகப்படுவதேன்? கவுன்சிலரின் வீட்டுப் பக்கம் ஏன் அகப்படுவதில்லை? இதற்கு நேர்மையான பதில் சொல்லும் சபைக்கே ஜனங்களிடம் ஒத்துழைப்புக் கேட்கும் உரிமை உண்டு.

2022 ஏப்ரலில் சொத்து வரி நூற்றுக்கு 25 முதல் 150 வரை உயர்த்தப்பட்டபோது எதிர்க்கட்சிகள் தெருவில் இறங்கின. அது அவர்கள் உரிமை. ஆனால் உயர்ந்த வரியில் கசடு அகற்ற எத்தனை ரூபாய் ஒதுக்கப்பட்டது என்ற கேள்வியை எந்தப் பேரூராட்சிக் கூட்டத்திலும் எந்த அங்கத்தினரும் எழுப்பலாம். வார்டு வாரியாகத் தொட்டிகளின் ஜாபிதா தயாரிக்கும்படி தீர்மானம் கொண்டுவரலாம். நிலையத்தில் இறக்கியதற்கு ரசீது கொண்டுவந்தால்தான் லாரிக்காரருக்குப் பணம் என்று விதி செய்யலாம். வாய்ப் பட்டணத்தைப்போல் ஒரு சுற்று முடிய மூன்று வருஷம் பிடிக்கும். சபையின் ஆயுளோ ஐந்து வருஷம்.