திரையில் பெண் வீராங்கனை. திரைக்குப் பின்னால் யார்?

உப்பின், இப்பின் இரட்டையரைத் தெரியாத பிள்ளைகள் நம் வீடுகளில் குறைவு. அங்கிள் முத்துவும் ராஜுவும் அவர்களுக்கு அக்கம்பக்கத்தார் போல. அந்தத் தொடரைத் தயாரிக்கும் லெஸ் கோபாக் நிறுவனத்தை 2005ஆம் ஆண்டு கணவர் புர்ஹானுடின் முகமட் ராட்சியுடன் சேர்ந்து தொடங்கியவர் அய்னோன் அரிஃப் என்ற பெண்மணி. நாட்டின் முதல் முப்பரிமாண அனிமேஷன் திரைப்படமான ‘கெங்’ 2009இல் இதே நிறுவனத்திலிருந்துதான் வெளிவந்தது.

ஆனால் உலக அளவில் பார்த்தால், கணினி வரைகலைத் துறையில் தலைமைப் பொறுப்பு பெண்களுக்கு எளிதாகக் கிடைத்துவிடவில்லை.

கணினி வரைகலைப் படம் ஒரு கூட்டு உழைப்பு. ஒருவர் உருவத்தைக் கணினியில் வடிப்பார். இன்னொருவர் அது அசைய எலும்புக்கூடு போன்ற அமைப்பைப் பொருத்துவார். பிறகு தோல், துணி, முடி, ஒளி என ஒவ்வொன்றுக்கும் தனிக் குழு இருக்கும். ஒரு விநாடிக்கு 24 படங்கள் வேண்டும் என்பதால் நூற்றுக்கணக்கானோர் பல ஆண்டுகள் உழைக்கின்றனர். எனினும், இறுதி முடிவு இயக்குநர், காட்சி விளைவு மேற்பார்வையாளர் போன்ற மிகச் சிலரின் கையில் இருக்கிறது.

பிரெண்டா சேப்மனின் அனுபவம் இதற்குச் சான்று. தம் மகளுடன் தமக்கிருந்த உறவிலிருந்து ‘பிரேவ்’ படத்தின் கதையை உருவாக்கியவர் அவர். பிக்சார் நிறுவனத்தின் முழுநீளப் படத்தை இயக்க அமர்த்தப்பட்ட முதல் பெண்ணும் அவரே. 2010இல், படம் பாதியில் இருக்கும்போது, கருத்து வேறுபாட்டால் அவர் நீக்கப்பட்டார். மார்க் ஆண்ட்ரூஸ் பொறுப்பேற்றார். 2012இல் வெளிவந்த படத்திற்கு மறு ஆண்டு ஆஸ்கர் கிடைத்தபோது, இருவரும் மேடையேறி விருதைப் பெற்றனர். அந்நிறுவனத்தில் ஒரு பெண் தனியாக ஒரு முழுநீளப் படத்தை இயக்கி முடிக்க 2022 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ‘டர்னிங் ரெட்’ படத்தை இயக்கிய டோமி ஷியே அவர்.

காட்சி விளைவுக்கான ஆஸ்கரும் இதே கதைதான். ‘ஏலியன்ஸ்’ படத்திற்காக 1987இல் சூசன் பென்சன் வென்றார். அடுத்த பெண் வெற்றியாளரான சாரா பென்னட், ‘எக்ஸ் மெஷினா’ படத்திற்காக 2016இல் வென்றார். இடைவெளி 29 ஆண்டுகள்.

இது விருது பற்றிய கணக்கு மட்டுமன்று. தலையில் மாட்டிக்கொள்ளும் மெய்நிகர் கருவியையே எடுத்துக்கொள்வோம். அதன் இரு வில்லைகளுக்கு இடையிலான தூரம், நம் கண்மணிகளுக்கு இடையிலான தூரத்துடன் பொருந்த வேண்டும். பெண்களுக்கு இத்தூரம் சராசரியாக ஆண்களைவிடச் சற்றுக் குறைவு. ஆனால் 2019இல் சந்தைக்கு வந்த ஆக்குலஸ் ரிஃப்ட் எஸ் கருவியில் வில்லைகளின் தூரம் 63.5 மில்லிமீட்டர் என நிலையாக இருந்தது. அதை நகர்த்த இயலாது. பெண்களுக்கு அதிகமாக ஏற்படும் தலைசுற்றல், குமட்டலுக்கு இந்தப் பொருத்தமின்மையே முக்கியக் காரணம் என்று கே ஸ்டானியின் குழு 2020இல் வெளியிட்ட ஆய்வு கூறியது. குறை பெண்களின் உடலில் இல்லை. கருவியின் அளவில் இருந்தது.

முடிவெடுக்கும் மேசையில் பெண்கள் போதிய அளவில் இருந்தால், “இது எல்லாருக்கும் பொருந்துமா?” என்ற கேள்வி முன்கூட்டியே எழும் வாய்ப்பு அதிகம்.

சைபர்ஜெயாவில் உள்ள மல்டிமீடியா பல்கலைக்கழகம் உட்பட நம் நாட்டிலேயே இத்துறைக்கான படிப்புகள் உள்ளன. எஸ்பிஎம் முடித்த மகள் “அனிமேஷன் படிக்கிறேன்” என்று சொன்னால், “படம் வரைந்து என்ன சம்பாதிப்பாய்?” என்று உடனே மறுத்துவிட வேண்டாம். முதலில் அவள் வரைந்ததை வாங்கிப் பாருங்கள்.