நஞ்சராயன் குளத்துக்குப் பருந்து ஏன் வருகிறது?

கார்த்திகை மாதம். திருப்பூர் நஞ்சராயன் குளத்தில் நாமக்கோழிகள் திடீரென ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நீரைக் கலக்கினால், மேலே பாருங்கள். சிறகுகளைச் சற்றே உயர்த்திப் பிடித்து, கோரையை உரசுவதுபோல் தாழப் பறப்பது சேற்றுப் பூனைப்பருந்து.

வடக்கேயிருந்து ஏன் இவ்வளவு தூரம் வருகிறது? குளிரை இறகு ஓரளவு தாங்கும்; பசியைத் தாங்காது. அங்கே நீர்நிலைகள் உறைந்ததும் தவளையும் நீர்ப்பறவையும் கிடைக்காது.

எப்படி வருகிறது? வெயிலில் சூடேறிய நிலத்திலிருந்து காற்று தூணாக மேலெழும். அகன்ற சிறகுள்ள கழுகுகள் அதில் வட்டமிட்டு ஏறி, உச்சியிலிருந்து அடுத்த தூண்வரை சறுக்கும். சிறகடிக்கும் உழைப்பு மிச்சம். ஆனால், எடுத்துக்காட்டாக, வட ஐரோப்பாவின் கடல்மேல் அப்படிப்பட்ட வலுவான தூண்கள் எழுவதில்லை. அதனால்தான் இலையுதிர் காலத்தில் இரைகொல்லிப் பறவைகள் கரையோரமாகவே ஒதுங்கிவந்து, சுவீடனின் ஃபால்ஸ்டர்போ முனையில் ஆயிரக்கணக்கில் குவிகின்றன. பூனைப்பருந்தோ சிறகடித்தும் பறக்க வல்லது. கடலையும் துணிந்து தாண்டும்.

அது இரவில் பெரும்பாலும் மரத்தில் அடைவதில்லை, கோரைக்குள் தரையில்தான். அதனால், பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்ற ராம்சர் தகுதியை 2024இல் பெற்ற இக்குளத்தில், சுத்தம் செய்வதாகச் சொல்லிக் கோரையை வழித்தெடுத்துவிடக் கூடாது.