சோயா ஊற்றினால் ஆடும் கணவாய்

ஜப்பானின் ஹொக்கைடோ தீவின் தென்பகுதியில் இருக்கும் துறைமுக ஊர் ஹகோடாட்டே. ரயில் நிலையத்தை ஒட்டிய காலைச் சந்தையில் அதிகாலையிலேயே உணவகங்கள் திறந்துவிடும். சோற்றின்மேல் நண்டும் சால்மன் முட்டையும் குவித்துத் தரும் கடைகளுக்கு நடுவே ஒரு விநோதக் கிண்ணமும் கிடைக்கும். தொட்டியில் நீந்தும் ஊசிக்கணவாயை எடுத்து அறுத்து, உடலை நூல்நூலாக அரிந்து, கைகளை மட்டும் முழுசாகச் சோற்றின் உச்சியில் வைத்துத் தருவார்கள். அதன்மேல் சோயா சாஸை ஊற்றினால் கைகள் நெளிந்து நெளிந்து ஆடும்!

பயப்பட வேண்டாம், உயிர் இல்லை. ஆணையிட மூளையும் இல்லை. ஆனால் உயிர் போனதும் நரம்பும் தசையும் உடனே ஓய்ந்துவிடுவதில்லை. ஆற்றல் தரும் ஏடிபி மூலக்கூறு தசையில் மிச்சமிருக்கிறது; நரம்புச் சவ்வின் இரு பக்கமும் மின்னழுத்த வேறுபாடும் கொஞ்ச நேரம் நீடிக்கிறது. சோயாவில் உப்பு அதிகம். அதிலுள்ள சோடியம் அயனிகள் அந்த வேறுபாட்டைக் குலைக்க, நரம்பில் மின்துடிப்பு கிளம்பித் தசை சுருங்குகிறது. ஏடிபி தீர்ந்துவிட்டால் புட்டி புட்டியாக ஊற்றினாலும் அசையாது. கணவாய் எவ்வளவு புதிது என்பதற்கு இதைவிட நல்ல அத்தாட்சி கிடையாது.

நரம்பில் மின்துடிப்பு எப்படிப் பிறக்கிறது என்பதையே அறிவியல் கணவாயிடம்தான் கற்றுக்கொண்டது. ஆபத்து வந்தால் நீரைப் பீய்ச்சிப் பின்னோக்கிப் பாயும் பிராணி இது. அதற்கு உடல்சுவர் முழுதும் ஒரே சமயத்தில் சுருங்க வேண்டும். செய்தி வேகமாகப் போக வேண்டும். அதனால் அரை மில்லிமீட்டர் தடிமன்கூட உள்ள நரம்பிழைகள் அதற்கு உண்டு. நம்முடையவை ஒரு மில்லிமீட்டரில் நூறில் இரண்டு பங்கைத் தாண்டுவது அபூர்வம். பிரிட்டனின் ஆலன் ஹாட்ஜ்கினும் ஆண்ட்ரூ ஹக்ஸ்லியும் ஐரோப்பியக் கணவாயின் அந்த இழைக்குள் மின்முனையைச் செருகி அளந்தார்கள். சோடியம் உள்ளே பாய்வதுதான் துடிப்பின் தொடக்கம் என்பதை 1952-இல் சமன்பாடுகளோடு நிறுவினார்கள். 1963-இல் நோபல் பரிசு வந்தது. கிண்ணத்தில் ஆடும் கைகளிலும் நடப்பது அதே சங்கதிதான்.

ஹகோடாட்டேயில் பிடிபடும் கணவாயின் ஆயுள் ஏறக்குறைய ஓராண்டு. இரவில் கண்ணைப் பறிக்கும் விளக்குகளோடு படகுகள் கடலுக்குப் போய்த் தூண்டிலில் அவற்றைப் பிடிக்கின்றன. அண்மை ஆண்டுகளில் வரத்து வெகுவாகக் குறைந்து, விலை ஏறியிருக்கிறது. போக நினைப்பவர்கள் ஜூன் முதல் டிசம்பர் வரையான பருவத்தில் போங்கள். இன்று உயிர்க் கணவாய் வந்திருக்கிறதா என்று கடையில் கேட்டுக்கொண்டு உட்காருங்கள். ஆடும் கைகளை அப்படியே விழுங்கப் பார்க்காதீர்கள், உறிஞ்சிகள் தொண்டையில் ஒட்டிக்கொள்ளலாம். நறுக்கித் தரச் சொல்லி, நன்றாக மென்று சாப்பிடுங்கள்.