சொல் ஒன்று, பூர்வீகம் வேறு வேறு! தெரியுமா?

போடிநாயக்கனூரில் ஏலக்காய் ஏலம் நடக்கிறதே, அந்த இரண்டு ‘ஏல’த்துக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை தெரியுமா? பச்சைக் காயை விரலால் புரட்டி, பருமனும் நிறமும் பார்த்து விலை கேட்கிறார்களே, அந்தக் காய் நம் மலைச்சரக்கு. விலை கேட்கிற ஏலமோ போர்ச்சுக்கீசியர் கப்பலில் வந்தது! அவர்கள் சொன்னது ‘லெய்லாவ்’. சொல்லின் தொடக்கத்தில் ல வருவது தமிழுக்கு ஆகாதே! அதை உதிர்த்துவிட்டு ‘ஏலம்’ ஆக்கிக்கொண்டோம். இந்தியில் அதுவே ‘நீலாம்’!

கடலூரின் திருப்பாதிரிப்புலியூருக்குப் பெயர் தந்தவர் எந்தப் பாதிரியார்? யாருமே இல்லை! அது பாதிரி மரம், கோயிலின் தலவிருட்சம். சர்ச் பாதிரி, போர்ச்சுக்கீசிய ‘பாத்ரே’யின் வாரிசு!

சாயங்கால மாலை தமிழ்; கழுத்தில் விழும் மாலை வடமொழி! அடுப்புக் கரி நம்முடையது. யானையைக் குறிக்கும் கரி? கரம் போலத் துதிக்கை உள்ளது என்று வடமொழி வைத்த பெயர்!

சாவிக்கு எத்தனை பிறப்பு தெரியுமா? மூன்று! பூட்டைத் திறக்கும் சாவி போர்ச்சுக்கீசியம். வயல்காரரிடம் ‘கதிர் சாவி’ என்றால் முகம் வாடிவிடும்: பால் பிடிக்காமல் பதராய்ப் போன நெல் அது! சரி, ‘வாஷிங்டனில் திருமணம்’ எழுதிய சாவி? சா. விசுவநாதன் என்ற பெயரின் முதலெழுத்துகள்! மூன்றில் எனக்குப் பிடித்தது இதுதான்.

‘மா’ இருக்கிறதே, அது தனி ரகளை! மாமரம், குதிரை, விலங்கு, ‘பெரிய’... இலங்கைத் தமிழருக்கு அரிசி மாவும் ‘மா’தான். கணக்கில் 1/20! தஞ்சைப் பக்கம் 20 மா நிலம் சேர்ந்தால் 1 வேலி, ஏறக்குறைய 6⅔ ஏக்கர்!

இப்படி ஒற்றை எழுத்தே சொல்லாக நிற்பவை எத்தனை? சிறப்பானவை 42 என்று 13-ஆம் நூற்றாண்டு வாக்கிலேயே நன்னூலில் எண்ணி வைத்துவிட்டார் பவணந்தி முனிவர்! ‘யா’ என்றால் ஒரு மரம். ‘எவை’ என்ற கேள்வியும் அதுவே! 42-ல் 40 நெடில். குறில் இரண்டே இரண்டு! ‘நொ’ என்றால் வருந்து. ‘து’ என்றால்? சாப்பிடு!

விருந்தாளிக்கு இலை போட்டுவிட்டு ‘து’ என்று சொல்லிப் பாருங்களேன்! அவர் எழுந்து போனால் பொறுப்பு பவணந்தியாருடையது!