பேய் போட்ட பாதை

வா கண்ணா, இப்படி உட்கார். "மாமா, புளியமரத்தில் பேய் இருக்கா?" என்றுதானே கேட்டாய்? நல்ல கேள்வி. உன் வயதில் எனக்கு அப்படிக் கேட்கத் தோன்றவே இல்லை. இருக்கிறது என்றே நம்பிவிட்டேன்.

திண்டுக்கல்லிலிருந்து நத்தம் போகிற சாலையில் சிறுமலைப் பிரிவு வருமே, அதற்குக் கொஞ்சம் தள்ளி எங்கள் ஊர். பஸ்ஸை விட்டு இறங்கினால் நேராக ஒரு வண்டிப்பாதை. நடுவில் ஒரு கிழட்டுப் புளியமரம். பொழுது சாய்ந்தால் அந்தப் பக்கம் போகக்கூடாது என்பது அப்பத்தா கட்டளை. அதனால் கண்மாய்க்கரையைச் சுற்றித்தான் வீடு வந்து சேருவோம். ஊரே அப்படித்தான். அத்தனை கால்களும் மிதித்து மிதித்து, கரையோரம் புல் செத்து, ஒரு ஒற்றையடிப் பாதையே விழுந்துவிட்டது.

யோசித்துப் பார். பேயை ஒருத்தரும் பார்த்ததில்லை. அது போட்ட பாதையைப் பட்டப்பகலிலும் பார்க்கலாம்! நம்பிக்கை மனசுக்குள்தான் இருக்கும். ஆனால் காலைப் பிடித்துத் திருப்பிவிடும். புரிகிறதா?

எட்டாம் வகுப்பில் அறிவியல் சாரிடம் இதைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "பேய் என்னென்ன செய்யுமாம்? எழுதிக்கொண்டு வா" என்றார். எழுதினேன். ராத்திரியில் மரம் சுருங்கும். கிலுகிலு என்று சத்தம் வரும். கண் மின்னும். அடியில் படுத்தால் நெஞ்சில் ஏறி அமுக்கும்.

மாசி மாதம் ஒரு சாயங்காலம் இரண்டு பேரும் மரத்தடியில் போய் நின்றோம். நான் அவர் கையை விடவே இல்லை. அதையும் சொல்லிவிடுகிறேன்.

புளிய இலையைப் பார்த்திருக்கிறாயா? நடுக்காம்பின் இரண்டு பக்கமும் குட்டி இலைகள் ஜோடி ஜோடியாக இருக்கும். இருட்ட இருட்ட அந்த ஜோடிகள் ஒட்டி மூடிக்கொண்டன. பள்ளிக்கூட மணி அடித்ததும் நீ புத்தகத்தை மூடுவாயே, அந்த மாதிரி. குட்டி இலையின் அடியில் சின்னதாக ஒரு தடிப்பு உண்டு. அதற்குள் தண்ணீர் இடம் மாறினால் இலை மடங்கும். தொட்டாற்சிணுங்கியும் இப்படித்தான் மடங்குகிறது. அதற்கு நம் விரல் பட்டாலே போதும். இதற்கு வெளிச்சம் போகவேண்டும்.

சத்தம்? முற்றிய புளியம்பழங்கள் காற்றில் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. கண்? சார் டார்ச் அடித்தார். பொந்துக்குள் மைனா அளவில் ஒரு புள்ளி ஆந்தை! மஞ்சள் கண்ணால் எங்களை முறைத்து, தலையை மேலும் கீழும் ஆட்டியது.

பாக்கி ஒன்றுதான். "அமுக்குவது எனக்கே தெரியும் சார். ராத்திரியில் மரம் கரியமில வாயு விடும். மூச்சு முட்டும்" என்றேன் பெருமையாக. மேல் வகுப்பு அண்ணன் ஒருவர் சொன்னது அது.

"அளந்து பார்த்தாயா?" என்றார் சார்.

எனக்குச் சுருக்கென்றது.

"உங்கள் வீட்டில் ஒரே அறையில் எத்தனை பேர் தூங்குகிறீர்கள்?"

"ஆறு பேர் சார்."

"நாம் வெளியே விடும் மூச்சில் சுமார் 4 விழுக்காடு கரியமில வாயு. வெளிக்காற்றில் இருப்பதைப்போல நூறு மடங்கு. ஆறு பேர் விடிய விடிய விட்டும் காலையில் எழுந்து பள்ளிக்கூடம் வந்துவிட்டாய். திறந்த வெளியில் நிற்கிற மரமா உன்னை அமுக்கப்போகிறது?"

பார்த்தாயா? பேயை இறக்கிவிட்டு அந்த இடத்தில் வாயுவை ஏற்றி உட்கார வைத்திருந்தேன். அப்பத்தா சொன்னதையும் சோதிக்கவில்லை, அண்ணன் சொன்னதையும் சோதிக்கவில்லை.

அப்படியானால் அமுக்குவது எது? கனவு காணும்போது நம் தசைகள் தளர்ந்துவிடும். இல்லாவிட்டால் கனவில் பட்டம் விடுகிறவன் கட்டிலிலிருந்து உருண்டு விழுவான். சில சமயம் மனசு விழித்துக்கொள்ளும், உடம்பு இன்னும் விழித்திருக்காது. அசைய முடியாது. நெஞ்சில் யாரோ உட்கார்ந்த மாதிரி இருக்கும். கொஞ்ச நேரத்தில் தானே சரியாகிவிடும். மெத்தையில் படுத்தாலும் இது வரும். புளியமரம் வேண்டியதில்லை.

இலங்கையில் கோவூர் என்று ஒரு தாவரவியல் ஆசிரியர் இருந்தார். பேய் வீடு என்று சொன்னால் நேரில் போய் ஆராய்வார். ஏமாற்று இல்லாமல் ஓர் அற்புத சக்தியைக் காட்டினால் ஒரு லட்சம் ரூபாய் என்று 1963-இல் அறிவித்தார். 1978-இல் அவர் இறக்கும்வரை அந்தப் பரிசை ஒருவரும் வாங்கவில்லை.

அதற்காக எல்லாக் கதையோடும் சண்டை போடாதே. அனுமன் தூக்கிப்போன சஞ்சீவி மலையிலிருந்து விழுந்த துண்டுதான் சிறுமலை என்பார்கள். கேட்க எவ்வளவு அழகு! மலைமேல் ஏறும்போது அந்தக் கதையும் கூடவே வரட்டும். ஆனால் பாம்பு கடித்தவருக்கு யாராவது "சஞ்சீவி மூலிகை" என்று ஓர் இலையை நீட்டினால், அங்கே நிற்காதே. விஷமுறிவு ஊசி இருக்கிற ஆஸ்பத்திரிக்குத்தான் ஓடவேண்டும்.

அப்பத்தாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "போடா" என்றாள். கடைசிவரை கண்மாய்க்கரை வழியாகத்தான் வந்தாள். ஆனால் நான் நேர்வழியில் வீடு திரும்புகிற ஒவ்வொரு சாயங்காலமும், சோற்றைப் போட்டுக்கொண்டே மெல்லக் கேட்பாள்: "அந்த ஆந்தை குஞ்சு பொரிச்சிருச்சாடா?"