ஒரே கடல், வேறு வேறு இரை

ஸ்காட்லாந்தைச் சுற்றியுள்ள கடலில் கடற்பன்றியும் நான்கைந்து வகை டால்பின்களும் அடுத்தடுத்து இரை தேடுகின்றன. எல்லாமே பல்லுள்ள திமிங்கல வகையைச் சேர்ந்தவை. ஒலி எழுப்பி, அதன் எதிரொலியைக் கொண்டே மீன் இருக்குமிடத்தை அறிகின்றன. ஆனால் எந்த மீன், எவ்வளவு பெரிய மீன் என்பதில் ஒவ்வொன்றின் வழியும் தனி.

இது தெரியவந்தது பெரும்பாலும் கரையொதுங்கிய உடல்களின் இரைப்பையிலிருந்துதான். மீனின் சதை செரித்துப் போனாலும் அதன் தலைக்குள் இருக்கும் செவிக்கல் சிறிது காலம் தங்கும். வடிவத்தைப் பார்த்து மீனின் இனத்தையும், நீளத்தை அளந்து மீனின் அளவையும் சொல்லிவிடலாம். கணவாய்களை அவற்றின் கடினமான அலகு காட்டிக்கொடுக்கும். அலகு எளிதில் கரையாது என்பதால், தின்றதைவிட அதிகக் கணவாய் தின்றதுபோலத் தோன்றவும் கூடும். நோயால் செத்தது கடைசியாகத் தின்றதை வைத்து நலமாக இருப்பதன் உணவை முடிவு செய்வதிலும் சிக்கல் உண்டு. அதனால் தோலிலும் தசையிலும் உள்ள நைட்ரஜன், கார்பன் ஐசோடோப்புகளையும் சேர்த்தே பார்க்கிறார்கள்.

இவற்றில் மிகச் சிறியது கடற்பன்றி. நீளம் சுமார் ஒன்றரை மீட்டர், எடை ஐம்பது அறுபது கிலோ. குளிர்ந்த நீரில் சிறிய உடல் வெகு சீக்கிரம் வெப்பத்தை இழக்கும். பட்டினி கிடக்க அதற்கு வழியே இல்லை. டென்மார்க் கடலில் கடற்பன்றிகளின் முதுகில் ஒலிப்பதிவுக் கருவி ஒட்டி நடத்திய ஆய்வு 2016இல் வெளியானது. மும்முரமான நேரத்தில் மணிக்கு 550 மீன்கள் வரை அவை துரத்தியிருந்தன. பெரும்பாலானவை 3 முதல் 10 சென்டிமீட்டர் நீளமுள்ள சிறு மீன்கள். பத்தில் ஒன்பது முயற்சிக்கு மேல் வெற்றி. ஸ்காட்லாந்தில் கோடையில் மணலுக்குள் புதையும் கொழுத்த சாண்டீல் மீனும், குளிர்காலத்தில் வைட்டிங் மீனும் இதற்கு முக்கிய உணவு.

இரண்டரை மூன்று மீட்டர் வளரும் வெள்ளை அலகு டால்பினும் வைட்டிங்கைத் தின்கிறது. கூடவே ஹேடாக், காட் மீன்களும் உண்டு. சாதாரண டால்பின் மாக்கரல் போன்ற கூட்டமீன்களைத் துரத்துவது. மேற்குக் கரையில் இப்போது அதிகம் தென்படுகிறது. நீர் சூடேறுவதே காரணம் என்கிறார்கள் சில ஆய்வாளர்கள். இந்த மீன் போட்டியில் சேராதது ரிசோ டால்பின். அதன் மேல்தாடையில் பெரும்பாலும் பல்லே இருக்காது, கீழ்த்தாடையின் முன்பகுதியில் மட்டும் சில. மென்மையான உடலுள்ளவற்றைப் பிடித்து விழுங்க அது போதும். ஸ்காட்லாந்தில் அதன் இரைப்பையில் கிடைப்பது முக்கியமாகப் பேய்க்கணவாய்.

பாட்டில்மூக்கு டால்பின் கதை சற்று விசித்திரமானது. மோரே விரிகுடாவின் சானன்ரி முனையில், கோடையில் கடல் ஏறும் நேரம் அது சால்மன் மீனைத் தூக்கி எறிந்து பிடிப்பதைக் காணக் கூட்டம் கூடும். இரைப்பைகளிலோ காட், சேத், வைட்டிங் மீன்களே மிகுதி. கரையில் நிற்பவர் கண்ணுக்குத் தெரிவது நீர்ப்பரப்பில் நடக்கும் வேட்டை மட்டும்தானே. இதே டால்பின்கள் கடற்பன்றிகளைக் கொல்வதும் 1990களில் தெரியவந்தது. விலா எலும்பு முறிந்து ஒதுங்கிய உடல்களில் இருந்த பல்தடங்களின் இடைவெளி பாட்டில்மூக்கு டால்பினின் பல்வரிசையோடு பொருந்தியது. கொன்றதை அவை தின்பதில்லை. இரைக்கான போட்டி என்பது ஒரு விளக்கம். தம் இனத்துக் குட்டிகளையே கொல்லும் பழக்கத்தின் நீட்சி என்பது இன்னொன்று.

இரையின் இருப்பு மாறினால் கடற்பன்றியே முதலில் இடம்பெயர வேண்டியிருக்கும். 1994, 2005 ஆண்டுகளின் பெரிய கணக்கெடுப்புகளுக்கு இடையே வட கடலில் கடற்பன்றிகளின் எண்ணிக்கை பெரிதாக மாறவில்லை; ஆனால் வடக்கே அடர்ந்திருந்தவை தெற்கே நகர்ந்திருந்தன. வடக்கில் சாண்டீல் குறைந்ததே இதற்குக் காரணமாக இருக்கலாம் என்று கருதப்படுகிறது. கடற்பறவைகளும் இந்த மீனை நம்பியிருப்பதால், 2024இல் ஸ்காட்லாந்துக் கடலெங்கும், வட கடலின் இங்கிலாந்துப் பகுதியிலும் சாண்டீல் பிடிப்பது தடை செய்யப்பட்டது.