சீனிக்குப் பதில் பனங்கட்டி

யாழ்ப்பாணத்தில், பண்டத்தரிப்பு உள்ளிட்ட வலிகாமத்து ஊர்களில் சீனி பரவுவதற்கு முன்பே புழங்கிய இனிப்பு, பனங்கட்டி. முட்டியின் உட்புறத்தில் சுண்ணாம்பு பூசிப் பனம்பாளையில் கட்டினால், வடியும் சாறு புளிக்காமல் கருப்பநீராகச் சேரும். அதை வடித்து, பாகு பதம் வரும்வரை காய்ச்சி, பனையோலைக் குட்டான்களில் ஊற்றி ஆறவிட்டால் பனங்கட்டி இறுகிவிடும்.

ஆடி முதலாம் நாளான ஆடிப்பிறப்பில் காய்ச்சும் ஆடிக்கூழுக்கு உயிர் கொடுப்பது இதுவே. வறுத்த பயறும் தேங்காய்ச் சொட்டும் கொதிநீரில் அவிந்ததும், கரைத்த அரிசிமாவை விட்டுக் கட்டிபடாமல் துழாவுவார்கள். பின்னர் தேங்காய்ப்பாலும் பனங்கட்டிக் கரைசலும் சேரும். மிளகு, சீரகம், ஏலக்காய்த் தூளுடன் கூழ் மணக்கும். கொழுக்கட்டைக்குள் வைக்கும் பயறு, தேங்காய்ப்பூக் கலவையையும் பனங்கட்டி இனிப்பாக்கும். பால் விடாத தேநீருடன் ஒரு துண்டைக் கடித்துக்கொள்வதும் யாழ்ப்பாண வழக்கம்.

சமையலில் சில கவனங்கள் தேவை. பனங்கட்டியை நேராகப் போடாமல், சிறிது நீரில் கரைத்து, மண்ணும் தும்பும் போக வடிகட்ட வேண்டும். கரைசலில் நீர் இருப்பதால் மற்ற நீரைக் குறைக்க வேண்டும். கொதிக்கும் பசுப்பாலில் விட்டால் பால் திரையக்கூடும். இறக்கிச் சூடு தணிந்த பிறகு கலப்பதே நல்லது.

சீனியில் இல்லாத தாதுப்புகள் பனங்கட்டியில் ஓரளவு உண்டு. ஆனாலும் இதில் பெரும்பங்கு சுக்குரோசுதான். எனவே நீரிழிவு உள்ளவர்கள் சீனியைப் போலவே இதையும் அளவோடுதான் சேர்க்க வேண்டும்.